சாவகத்துச் சிவாலயம்

சாவகத் தீவில், யோக்கியகர்த்தா நகருக்கு வடகிழக்கே பிரம்பனான் என்னும் பழம்பதி உளது. ஆங்கு ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் பேறு அடியேனுக்கு வாய்த்தது.

கி.பி. 856-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று இவ்வாலயத்தைக் குறிப்பதென்பர் அறிஞர். நடுவே 47 மீட்டர் உயர்ந்தோங்கிய சிவபிரான் கோயில். இருமருங்கும் பிரமன், திருமால் கோயில்கள். எழுபது கடந்த முழங்கால்களுக்கு அப்படிகள் சற்றுக் கடுமையே. கருவறையில் பெருமான் நின்ற திருக்கோலம் கொண்டருள்கின்றார். வடபால் துர்க்கை, மேல்பால் விநாயகர். தென்பால் அறையுள் நோக்கினேன். தாடியும் பருத்த வயிறுமாக நிற்பவர் அகத்திய மாமுனிவர்! நம் ஆலயங்களில் தென்முகக் கடவுள் அமரும் திசையன்றோ அது? நமக்குத் தமிழாசிரியராகிய முனிவர், சாவகர்க்குச் சிவகுருவாக விளங்கியிருக்கின்றார்.

சரிந்து கிடந்த சிவன் கோயிலைக் கல்லோடு கல் பொருத்தி 1953-இல் எழுப்பி முடித்தனர். வளாகத்தின் 240 கோயில்களுள் பெரும்பாலன இன்றும் கற்குவியல்களே. பழங்கற்களிற் பெரும்பகுதி கிடைத்தாலன்றி எதனையும் எழுப்புவதில்லை என்பது அவர்தம் விதி. திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டின்மேல் சாந்து பூசும் நம்மவர் செயல் நினைவில் எழுந்து நெஞ்சைச் சுட்டது. அன்பர்கள் பொறுத்தருள்க.

கருவறையில் விளக்கில்லை, மலரில்லை. இருளில் நின்று திருவைந்தெழுத்தை ஓதினேன். 2019 நவம்பர் 12-ஆம் நாள் இந்தோனேசிய இந்துக்கள் அங்கு அபிஷேகப் பெருஞ்சடங்கு நிகழ்த்தினர். 856-இலிருந்து 1163 ஆண்டுகள் என்று விரல்விட்டு எண்ணியவாறே படியிறங்கினேன்.