தருமம் வைத்தாரும் தருமம் காப்பாரும்

பொருள் படைத்த ஒருவர் தம் இறுதிக் காலத்தில் ஓர் அறநிலையத்தை ஏற்படுத்திச் செல்வது நம் தொண்டை மண்டலத்திற்குப் புதிய செய்தியன்று. எவ்வூர்க்குச் செல்லினும் ஒரு சத்திரமோ, திருக்குளமோ, பாடசாலையோ காலஞ்சென்ற ஒரு பெரியாரின் பெயரைத் தாங்கி நிற்கக் காண்கின்றோம். அவருட் பலருடைய சரித்திரமும் எழுதப்பட்டுள்ளது. படமும் மாலையிட்டு மாட்டப்பட்டுள்ளது. ஆயின் அவர் வைத்த தருமத்தை அவருக்குப் பின் நடத்தினோர் யாவர், எத்தகையோர், அவர்களைத் தெரிந்தெடுத்த முறை யாது என்னும் வினாக்களை நம்மவர் கேட்பது அரிது. அவ்வினாக்களை முன்வைத்து, பழைய செங்கற்பட்டு ஜில்லாவோடு தொடர்புடைய மூன்று செய்திகளை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலாவது பச்சையப்ப முதலியார் தருமம். காஞ்சிபுரத்துக் குடும்பத்தில் வந்த பச்சையப்பர் 1754-ம் ஆண்டில் பிறந்தார். அவர் பிறக்கு முன்னரே தந்தையார் விசுவநாத முதலியார் காலமாயினர். தாயார் பிறர் ஆதரவை நாடிப் பெரியபாளையத்திலும் பின்னர்ச் சென்னையிலும் வாழ்ந்து மகனை வளர்த்தார். நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவால் வர்த்தகம் பழகிய இளைஞர், கும்பினி உத்தியோகஸ்தர்களுக்குத் துபாஷியாகித் தஞ்சைச் சமஸ்தானத்துக் கொடுக்கல் வாங்கல்களில் பெரும்பொருள் ஈட்டினார். 1794-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ந் தேதி தம் சொத்தையெல்லாம் தருமத்திற்கென உயில் எழுதி வைத்தார். அம்மாதம் 31-ந் தேதி திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

உயிலோ தெளிவானது, பொருளோ மிகப் பெரியது. எனினும் நிகழ்ந்தது என்ன? சொத்து பல கைகளில் அகப்பட்டது. பொறுப்பாளரும் உரிமை கோருவோருமாகப் பலர் வழக்காடினர். ஆண்டுகள் உருண்டோடின. இறுதியில் சென்னை சுப்ரீம் கோர்ட்டின் கண்காணிப்பில், அட்வகேட் ஜெனரலாய் இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன், ஜார்ஜ் நார்ட்டன் முதலியோர் முயற்சியால் சொத்து மீட்கப்பட்டது. வட்டியும் முதலுமாகப் பெருகியிருந்த தொகையில் கோயிற் கைங்கரியங்களுக்கு வேண்டியது போக எஞ்சியதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று தீர்ப்பாயிற்று. 1842-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சென்னையில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டது. உயில் எழுதியவர் கண்மூடி அதற்குள் ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்நாற்பத்தெட்டு ஆண்டுகளில் படித்திருக்கக் கூடிய பிள்ளைகள் எத்துணைப் பேர்? அக்கணக்கை எந்தக் கோர்ட்டும் எடுக்கவில்லை.

பின்னர் அத்தருமம் செய்த நன்மை சிறிதன்று. காஞ்சிபுரத்திலும் அதன் பள்ளி ஏற்பட்டது. சென்னைப் பள்ளி 1889-ல் கலாசாலையாயிற்று. கணித மேதை இராமாநுஜன் 1906-ல் அங்குப் பயின்றார். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையாகிய அண்ணாதுரை அங்குப் படித்துப் பிற்காலத்தில் 1967-ல் இம்மாநில முதலமைச்சரானார். இந்து மாணவரையே சேர்ப்பது என்னும் கட்டுப்பாடு 1947 வரையில் அங்கிருந்தது என்பதையும் மறைத்தற்கில்லை. தலைவர்களை ஆக்கிய இந்நிலையமே தன்னை நடத்தும் தலைமை பற்றிய வழக்கிலிருந்து முற்றும் விடுபட்டதா எனின், இல்லை. நம் காலத்திலும் அதன் நிர்வாகத்திற்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமிக்க நேர்ந்தது.

இதனால் எழுகின்ற ஐயம் ஒன்று. பொதுச் சொத்தைக் காப்போரைத் தெரிந்தெடுக்கும் முறையை வெள்ளைக்கார நியாயாதிபதிகள் வந்துதான் நமக்குக் கற்பித்தார்களோ? அங்ஙனம் கருதுவோர் செங்கற்பட்டிலிருந்து தென்மேற்கே உத்தரமேரூருக்கு ஒரு நாட் பயணம் போய் வருதல் நலம்.

உத்தரமேரூர்ச் சபை கூடிய மண்டபம் இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் எனப்படுகின்றது. அதன் அடித்தளச் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12-ம் ஆட்சியாண்டினது, அஃதாவது கி.பி. 919, மற்றையது 14-ம் ஆட்சியாண்டினது, கி.பி. 921. வெங்கையா அவர்கள் 1904-05-ம் ஆண்டுத் தொல்பொருள் அறிக்கையில் இவற்றை விளக்கி எழுதிய பின்னரே உலகம் இவற்றின் அருமையை அறிந்தது. முதலில் செய்த ஏற்பாட்டில் குறை கண்டு இரண்டே ஆண்டுகளில் திருத்தினார்கள் என்பதே நம் கவனத்திற்குரியது. முன்னையதில் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயதெல்லை பின்னையதில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்றாயிற்று. தாம் செய்த விதியைத் தாமே திருத்திக் கல்லிலும் வெட்டி வைக்கும் சபைக்குத் தன்மானக் குறைவு ஒன்றும் தோன்றவில்லை போலும்!

குடவோலை முறையை அன்பர்கள் பலரும் கேட்டிருப்பர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். இளைஞரும் முதியோருமாகச் சபையார் யாவரும் கூடியிருக்க, கோயில் நம்பிமாரும் ஒருவர் விடாமல் வந்திருக்க, அவருள் முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருத்தல் கூடாதன்றோ? வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசிப்பர்.

இவ்வளவும் காட்சிக்கு இனியதே. இதனினும் மேலாக யாம் மதிப்பது குடத்திற்குள் எவர் பெயர் புகலாகாது என்னும் பகுதியையே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் புகலாகாது. அவன் மட்டுமோ? அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், சிறிய தாயார் பெரிய தாயார் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் ஆகிய ஒருவர் பெயரும் புகலாகாது. உறவுமுறையை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிக் கல்லில் வெட்டியவர்கள் அவ்வுறவு எவ்வழியாகப் பொதுப் பணத்தை அணுகும் என்பதை நேரிற் கண்டவர்களாகவே இருத்தல் வேண்டும். பிறர் பொருள் கவர்ந்தோர், பெரும் பாதகம் செய்தோர், ஊர்க்குத் துன்பம் விளைத்தோர் ஆகியோருக்கும் இடமில்லை. விலக்கப்பட்ட குற்றங்கள் சிலவற்றைச் செய்து பிராயச்சித்தத்தால் சுத்தியடைந்தவனுக்கும் உயிருள்ளளவும் வாரியம் இல்லை. வைதிக ஆசாரத்தில் மூழ்கிய அச்சபையார், பாவ மன்னிப்பு வேறு, பொதுப் பொறுப்பு வேறு என்று பிரித்துக் கண்டது வியப்பிற்குரியது.

ஈண்டு நம் சங்கத்தையும் சிறிது நினைத்துக் கொள்வோமாக. சாதிச் சங்கம் என்பது உறவினரால் ஆவது. காரியதரிசியின் மாமனார் பொக்கிஷதாராகவும், அவர் மருமகன் தணிக்கையாளராகவும் வாய்ப்பது நம் போன்ற சங்கங்களில் இயல்பு. அது கண்டு ஒருவரும் திடுக்கிடுவதில்லை. உத்தரமேரூரின் விதியை அப்படியே கைக்கொண்டால், ஒருவர் கணக்குக் காட்டத் தவறிய ஆண்டிற்குப் பின் நிர்வாக சபைக்கு ஆள் கிடைப்பதே அரிதாகலாம். அவ்விதியின் கடுமையும் அதுவே, பயனும் அதுவே. தான் கணக்குக் காட்டாவிடில் தன் மைத்துனனுக்கும் இழுக்கு என்று அறிந்தவன், மைத்துனன் கேட்கு முன்னரே ஏட்டை விரிப்பான்.

கணக்கெழுதுவோனைப் பற்றியும் ஓர் ஏற்பாடு உண்டு. நல்வழியில் பொருளீட்டியவனே கணக்கெழுத வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே கொணர்ந்து காட்டிச் சரியென ஒப்புக்கொள்ளப் பெற்றாலன்றி மீண்டும் அப்பணியில் அமர்தல் இயலாது. வேறொரு கணக்கனைக் கொண்டு முடித்துவிடவும் இயலாது. வாரியத்தாரின் பதவிக் காலம் முந்நூற்றறுபது நாள். இடையில் குற்றம் காணப்பட்டவன் அப்பொழுதே நீக்கப்படுவான். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் மீண்டும் வர இயலாது. ஆகவே ஊரில் பொறுப்புப் பழகியோர் தொகை ஆண்டுதோறும் பெருகும்.

தலைமையை ஆக்கும் முறையும் இவ்விதிகளுள்ளேயே அடங்கியுள்ளது. தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர், ஆண்டு வாரியமாகிய ஸம்வத்ஸர வாரியத்திற்குப் பன்னிருவர். இவற்றுள் மேலான ஆண்டு வாரியத்திற்குத் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்தோரும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தோருமே உரியர். வயிரமேக தடாகம் என்னும் பேரேரி அவ்வூரது. ஏரியில் தூரெடுத்தற்கென்று அன்பர் விட்ட அறக்கொடைகளும் ஏரி வாரியத்தார் கையில் இருந்தன. மதகையும் கரையையும் வண்டலையும் பார்த்துப் பார்த்துப் பழகியவனே ஊர்த் தலைமைக்கு ஏறினான். இக்காலத்தில் தலைமைப் பயிற்சி என்று கூறி மூன்று நாட் சொற்பொழிவு நடத்திச் சான்றிதழ் வழங்குகின்றனர். ஏரிக்கரையில் ஓராண்டு நிற்பது அதனினும் நல்ல பள்ளிக்கூடம் என்பது எம் துணிபு.

இங்ஙனம் புகழுங்கால் ஒன்றை மறத்தலாகாது. அச்சபை ஊரார் அனைவரின் சபையன்று. அது பிராமணர் குடியிருந்த சதுர்வேதிமங்கலம். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையராய், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்வோராய், வேதம் கற்றோராய் உள்ளவர் பெயரே குடத்திற்குப் போயிற்று. அந்நிலத்தை உழுதவன் பெயரும், ஏரியின் மண்ணைச் சுமந்தவள் பெயரும் அக்குடத்திற்குள் சென்றதில்லை. உலகின் முதற் குடியரசு என்று மேடைகளில் முழங்குவோர் இதனையும் சேர்த்துச் சொல்வாராக.

இனிக் கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலி என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் ஆளவந்தார் நாயகர் என்னும் பெரியார் அக்கடலோரத்துத் தம் நிலங்களை வைணவத் திருக்கோயில்களின் உற்சவங்களுக்கும் அன்னதானத்திற்குமாகத் தருமமாக வைத்து, 1914-ம் ஆண்டில் உயில் செய்தார். நெம்மேலி, கிருஷ்ணன்காரணை, பட்டிபுலம், சாலவான்குப்பம் எனப் பல ஊர்களில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அது. அக்காலத்தில் அது வெறும் மணல்மேடு, ஆசைப்படுவார் எவருமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிச் சென்னைச் செல்வர்கள் கடலோரத்தில் மாளிகை கட்டத் தொடங்கிய பின் அதன் மதிப்பு வேறாயிற்று. ஆக்கிரமிப்பு, வழக்கு, மீட்பு என்னும் சொற்களும் அத்தருமத்தின் பெயரோடு சேர்ந்து வரலாயின. இப்போது அறநிலையத் துறையின் மேற்பார்வையில் அது நடைபெறுகின்றது.

மணலால் கெட்டது ஒன்றுமில்லை. மணல் பொன்னானபோதே காவலுக்குச் சோதனை வந்தது. பச்சையப்பர் விட்டுச் சென்றதோ முதல் நாளே பெரும்பொருள். ஆதலின் சோதனையும் முதல் நாளே வந்தது. இவ்விரண்டு உயிலிலும் தருமம் இன்னது என்பது திருத்தமாக எழுதப்பட்டிருந்தது. உத்தரமேரூர்க் கல்லோ, காப்பவன் எத்தகையனாய் இருத்தல் வேண்டும், அவன் தவறினால் எவரெவர் விலக வேண்டும் என்பதில் பெரும் பகுதியைச் செலவிட்டது.

நெம்மேலியில் அத்தரும நிலத்தின் ஒரு பகுதி குத்தகைக்கு விடப்பட்டுக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்தது. 2013-ம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்நிலையம் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீர் தரத்தக்கதாய் அமைக்கப்பட்டது. தென் சென்னையில் குழாயைத் திறப்பவர் ஆளவந்தாரை அறியார். அக்குத்தகைப் பணம் எவ்வளவு வந்தது, எவ்வுற்சவத்திற்கு எவ்வளவு சென்றது, எவ்வளவு பேர் அன்னம் உண்டனர் என்பதை ஆண்டுதோறும் திருவிடந்தையிலோ மாமல்லபுரத்திலோ கோயில் மண்டபத்தில் ஊரார் கேட்க உரத்து வாசித்தால், அக்கூட்டத்திற்கு நம் அங்கத்தினர்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாம்.