அச்சேறாத அறநூல்கள்

டென்மார்க்கு அரசர் அனுப்பிய செருமானியப் போதகர் சீகன்பால்கு, 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்; பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். இரண்டே ஆண்டுகளில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார்.

அங்கேதான் சிக்கல் எழுந்தது. கிறித்துவை அறியாதாரிடமும் செப்பமான அறம் உண்டெனின், சமயப் பணிக்குத் தேவை யாது? தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை அச்சிட, ஹாலே நகரில் பணிக்குத் துணைநின்ற பிராங்கே இசையவில்லை. புறச்சமயத்தை அகற்றவே போதகர் அனுப்பப்பட்டனர். ஐரோப்பாவில் அதனைப் பரப்புவதற்கன்று என்பது அவர் கருத்து. அந்நூல் 1867இல் சென்னையில் அச்சேறியது. அறநூல்களின் மொழிபெயர்ப்போ 1930 வரை முழுமையாக வெளிவரவில்லை.

இதனால் சீகன்பால்கை நடுநிலையாளர் எனக் கொள்வதும் பொருந்தாது. தமிழரின் வழிபாட்டை அவர் மயக்கமென்றே கருதினார். ஆயினும், அவர்தம் ஒழுக்கநூல்களில் தாம் கண்ட நன்மையைத் தம்மை அனுப்பியோரிடம் மறைத்தாரல்லர். நான் மதிப்பது அந்நேர்மையை. 1719இல், 36ஆம் அகவையில், அவர் மறைந்தபோது அம்மொழிபெயர்ப்புகள் கையெழுத்துப் படிகளாகவே கிடந்தன.