ஆய்வுப் பயிலுநர் (போதைப்பொருளும் குற்றமும்)

1997இல் ஸ்தாபிக்கப்பட்டு வியன்னாவில் இயங்கும் போதைப்பொருள் மற்றும் குற்றங்களுக்கான ஐக்கிய நாடுகள் அலுவலகத்தில், பட்டப்படிப்பின் இறுதியாண்டினரும் அண்மையில் பட்டம் பெற்றோரும் சில மாத காலம் வேதனமின்றி ஆற்றும் பயிற்சிப் பணி. அங்கத்துவ நாடுகள் ஒன்று கிலோவிலும் மற்றொன்று மாத்திரைக் கணக்கிலுமாக அனுப்பும் கைப்பற்றல் விபரங்களை ஒப்புநோக்கி ஒழுங்குபடுத்துவது போன்ற, புறத்தே சலிப்பூட்டினும் ஆண்டுதோறும் வெளிவரும் உலகப் போதைப்பொருள் அறிக்கைக்கு ஆதாரமான காரியங்கள் இதன்பாற்படும்.

இலங்கையின் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மாணவர்க்கு, விமானச் சீட்டும் வியன்னா வாடகையும் சொந்தச் செலவாதலால், தகைமையினும் பணமே பெருந்தடை. உள்நாட்டில் இத்தகைய ஆய்வுக்குரிய நிறுவனம், 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையாகும்; கைதுகள், கைப்பற்றல்கள், சிகிச்சை பெறுவோர் பற்றிய புள்ளிவிபரங்களை அது தொகுத்து வெளியிடுகிறது.