'இல்லை' என்று சொல்லும் அமானிதம்: மருந்துக்கடைகளின் வரலாறு நமக்குக் கற்பிப்பது



செஞ்சிக் கடைவீதியில் பல்லாண்டுகளாக மருந்துக்கடை நடத்தி வரும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டார். "ஹஜ்ரத், இருபது வயதுப் பையன் ஒருவன் ஒரே மருந்துச் சீட்டைக் கொண்டு மூன்றாம் முறை வந்திருக்கிறான். சீட்டு மடிந்து, கிழிந்து, எழுத்தும் மங்கிவிட்டது. கேட்பது கடுமையான வலி மாத்திரை. முதுகு வலி என்கிறான். கொடுத்தால் பாவமா? உண்மையாகவே வலி இருந்து, நான் கொடுக்காமல் அனுப்பினால் அது பாவமா?"

உடனே பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. மார்க்கச் சட்டம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, மருந்து வணிகத்தின் வரலாறும் நாட்டுச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதன்பின் தேடிப் படித்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அஃப்ஷீன் வைத்த தேர்வு

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். அப்பாஸிய கலீஃபா முஃதஸிமின் காலம் அது. தளபதி அஃப்ஷீன், பாபக்கின் கிளர்ச்சியை அடக்கப் படையோடு பாசறையில் தங்கியிருந்தார். பாசறையில் மருந்து விற்போர் பலர் இருந்தனர். அவர்களுள் உண்மையான மருந்தறிஞர் யார், பொய்யர் யார் என்று கண்டறியும்படி மருத்துவர் ஸகரிய்யா இப்னு தைஃபூரியிடம் அவர் கூறினார்.

அஃப்ஷீன் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். மருந்துகளே அல்லாத சில பெயர்களை எழுதி, அவற்றை வாங்கி வருமாறு ஆட்களைக் கடைகளுக்கு அனுப்பினார். சிலர், அப்படியொரு மருந்தை அறியோம் என்று திருப்பி அனுப்பினர். மற்றவர்களோ காசைப் பெற்றுக்கொண்டு, கைக்கு அகப்பட்ட எதையோ எடுத்துக் கொடுத்தனர். பின்னர் அனைவரும் அழைக்கப்பட்டனர். 'அறியோம்' என்றவர்களுக்குப் பாசறையில் தொழில் நடத்த அனுமதி கிடைத்தது. கேட்டதையெல்லாம் கொடுத்தவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

இந்தத் தேர்வில் சோதிக்கப்பட்டது வணிகரின் நாணயம். எத்தனை மூலிகைகளை அறிவார் என்று எவரும் கேட்கவில்லை. காசு கண்முன் இருக்கும்போது 'இல்லை' என்று சொல்ல அவருக்கு இயலுமா என்பதே கேள்வி. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் ஆகியும் ஒவ்வொரு மருந்துக்கடையின் முன்னும் அதே கேள்விதான் நிற்கிறது.

ஒரு நூற்றாண்டு கழித்து, 931ஆம் ஆண்டில், பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்தார். கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு ஸாபித் என்ற தலைமை மருத்துவரிடம் தேர்ச்சி பெறாத எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று ஆணையிட்டார். 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்பது பதிவு. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டைச் சேர்ந்த ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் மருந்து வணிகர்களையும் எவ்வாறு சோதிக்க வேண்டும் என்பது விளக்கப்பட்டுள்ளது. அபினில் செய்யப்படும் கலப்படமும் அதில் பேசப்படுகிறது. மருந்து விற்பனை மற்ற வணிகம் போன்றதன்று, அது மக்களின் உயிர் சார்ந்த அமானிதம் என்பதை அக்காலச் சமூகம் உணர்ந்திருந்தது.

அபினிலிருந்து மாத்திரை அட்டை வரை

கடுமையான வலியைத் தணிக்கும் மருந்துகளில் பல, அபின் குடும்பத்தைச் சேர்ந்தவை, அல்லது அதைப் போலவே மூளையில் வினைபுரிபவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஸெர்டூர்னர் என்ற இளம் மருந்தாளுநர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. இன்று அப்பெயரைக் கேட்டாலே நாம் நடுங்குகிறோம். அன்றோ அது கடையில் கிடைத்த மருந்து. பாதுகாப்பானது என்று வரவேற்கப்பட்ட மருந்து பின்னர் அடிமைத்தளையாக மாறுவது, அதன்பின் பல முறை நடந்திருக்கிறது.

நம் நாட்டில் ஆங்கிலேய அரசுக்கு அபின் பெரும் வருவாய். 1878ஆம் ஆண்டின் அபின் சட்டம் அதன் விற்பனையை உரிமத்துக்குள் கொண்டு வந்தது. எதிர்ப்புகள் பெருகவே 1893இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1895இல் அறிக்கை அளித்த அந்த ஆணையம், முழுத் தடை தேவையில்லை என்றது. 1930இல் அபாயகர மருந்துகள் சட்டம் வந்தது. அதே ஆண்டு கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, நாட்டின் மருந்துச் சந்தையையும் மருந்தாளுநர் தொழிலையும் ஆராய்ந்தது. அதன் விளைவாக 1940இல் மருந்துகள் சட்டமும், 1948இல் மருந்தியல் சட்டமும் பிறந்தன. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் பணி, பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரியது என்று ஆனது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது.

ஆயினும் ஒரு மருந்தைக் கட்டுப்படுத்தினால் தவறான நுகர்வு அடுத்த மருந்துக்குத் தாவும் என்பதையும் வரலாறு காட்டுகிறது. டெக்ஸ்ட்ரோபுரோபாக்ஸிஃபீன் என்ற வலி மருந்தை மத்திய அரசு 2013 மே மாதத்தில் தடை செய்தது. அதே ஆண்டில் 'அட்டவணை எச்1' அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. டிராமடால், கோடீன், பென்டாஸோசின், பூப்ரினார்ஃபின் முதலியவை அதில் அடங்கின. 1977இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த டிராமடால், நம் நாட்டில் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவரப்பட்டது. அப்போது அச்சட்டத்தின் பட்டியலில் இல்லாத டாபென்டடாலின் பக்கம் தவறான நுகர்வு திரும்பியது. தமிழகத்தில் அண்மைக் காலமாக 'போதை மாத்திரை' என்று செய்திகளில் அடிபடுவதில் இம்மருந்து முக்கியமானது. விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரையை ஊசி வழியாக உடலில் ஏற்றி, இரத்தக் குழாயையும் உயிரையும் இழந்த இளைஞர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில், டாபென்டடாலும் காரிஸோபுரோடாலும் கலந்த மாத்திரைகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் மத்திய அரசு தடை விதித்தது. அவை மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் தெருக்களில் போதைப் பொருளாக விற்கப்படுவது வெளிச்சத்துக்கு வந்ததே காரணம்.

மதிலும் வாயிலும்

செஞ்சியில் வாழும் நமக்கு ஓர் உதாரணம் கண்முன்னே நிற்கிறது. மூன்று மலைகளை இணைத்த நம் கோட்டை, 1690 முதல் 1698 வரை முகலாயப் படையை எட்டாண்டுகள் தடுத்து நிறுத்தியது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வாயிலைத் தகர்த்து ஒரே இரவில் கைப்பற்றினார். மதில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் காவல் என்னவோ வாயிலில்தான். சட்டங்கள் மதில்கள் என்றால், மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்பவரே வாயிற்காவலர்.

அந்தக் காவலருக்கு மருந்து விதிகள் சில கருவிகளைத் தந்துள்ளன. சீட்டுக்கு மருந்து கொடுத்தவுடன், மருத்துவரின் கையொப்பத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவர் குறிப்பிட்டிருந்தாலன்றி, ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து கொடுக்கலாகாது. எச்1 மருந்தாயின், மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

நண்பரின் கேள்விக்கான விடையில் ஒரு பாதி இங்கேயே கிடைத்துவிட்டது. முதல் முறை கொடுத்தபோதே சீட்டில் முத்திரை குத்தித் தேதியிட்டிருந்தால், மூன்றாம் முறை என்ற பேச்சே எழுந்திராது. இதை அவரிடம் சொன்னபோது, அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கூட்ட நேரத்தில் யார் ஹஜ்ரத் எழுதுகிறார்கள்?" என்றார்.

மறுபக்கம்

இத்துடன் நிறுத்தினால் நாம் அநீதி இழைத்தவர்களாவோம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி, மருத்துவமனைகளும் கடைகளும் மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியாவின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. அபினை உற்பத்தி செய்யும் நாட்டிலேயே, புற்றுநோயாளிகள் வலியால் துடித்து இறந்தனர். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலித் தணிப்புச் சிகிச்சையகம் ஒரு புதிய வழியைத் திறந்தது. நீண்ட முயற்சிக்குப் பின், 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத வலி மருந்துகளுக்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது.

எம் குடும்பத்திலும் இது நடந்தது. எலும்பு வரை புற்றுநோய் பரவிய பெரியவர் ஒருவருக்காக, அவருடைய பேரன் முறையான சீட்டோடு மூன்று கடைகள் ஏறி இறங்கினான். வயதையும் தாடியையும் பார்த்து, 'ஸ்டாக் இல்லை' என்றே அனுப்பினர். அன்றிரவு அந்தப் பெரியவர் முனகிய ஒலி இன்னும் நம் காதில் இருக்கிறது. சந்தேகத்தால் மறுக்கப்படும் மருந்தும் ஓர் உயிரை வதைக்கும். அஃப்ஷீனின் தேர்வில் வென்றவர்கள் உண்மையாகவே இல்லாததை 'இல்லை' என்றவர்கள். இருப்பதை இல்லை என்று சொல்வது வேறு, அது பொய்.

போதை தருவதை மார்க்கம் விலக்கியிருக்கிறது. ஆயினும் உண்மையான மருத்துவத் தேவைக்கு, நம்பகமான மருத்துவரின் வழிகாட்டலில், தேவையான அளவு மட்டும் பயன்படுத்துவதை ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். இந்த வேறுபாட்டை முகத்தைப் பார்த்து அறிய முடியாது. விசாரித்தே அறிய வேண்டும்.

அமெரிக்க விதிகள், சீட்டு எழுதும் மருத்துவருக்கு உள்ள பொறுப்புக்கு இணையான பொறுப்பு மருந்தாளுநருக்கும் உண்டு என்கின்றன. 2021 நவம்பரில் ஒஹையோவில் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி, மூன்று பெரும் மருந்துக்கடை நிறுவனங்கள் வலி மாத்திரைப் பேரழிவுக்குத் துணைபோயின என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் ஒஹையோ உச்ச நீதிமன்றம், அவ்வகை வழக்குக்கு மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்றது. உலக நீதிமன்றங்களின் தீர்ப்பு மேலே ஏறும், கீழே இறங்கும். மனசாட்சியின் கணக்கும் மறுமையின் கணக்கும் அவ்வாறு மாறுவதில்லை.

நம் அனைவரின் பங்கு

நண்பரிடம் நாம் சொன்னது இதுதான்: சீட்டில் உள்ள மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். முறையானதென்றால் தயங்காமல் கொடுங்கள். அல்லவென்றால் காரணத்தைச் சொல்லி மறுங்கள். பிறர் கேட்க அவமானப்படுத்தாதீர்கள்.

அவர் அழைத்தார். அந்தச் சீட்டு ஓராண்டுக்கு முன் ஐந்து நாள்களுக்கு மட்டும் எழுதியது என்று தெரிய வந்தது. மறுநாள் வந்த பையனை உள்ளே உட்காரவைத்து, மெதுவாக விசாரித்தார். அவன் கோபத்தோடு எழுந்து போனான், பிறகு வரவில்லை. "வேறு கடைக்குத்தான் போயிருப்பான் ஹஜ்ரத். நான் காப்பாற்றினேனா, கைகழுவினேனா?" என்று நேற்றும் கேட்டார்.

அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. ஒரு கடை மறுத்து அடுத்த கடை கொடுத்தால், மறுத்தவரின் நேர்மை வீணாகும். ஆதலால் ஊரின் மருந்துக்கடைக்காரர்கள் ஒருமித்து நிற்க வேண்டும். பெற்றோர், பிள்ளையின் பையில் கிடக்கும் வெற்று மாத்திரை அட்டைகளைக் கவனிக்க வேண்டும். வீட்டில் மீந்த வலி மாத்திரைகளைத் திறந்த அலமாரியில் வைக்கலாகாது. வளைகுடா செல்வோர், டிராமடால், கோடீன் போன்றவற்றுக்கு அமீரகம் முதலிய நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு என்பதை அறிந்து, முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லாதிருக்க வேண்டும். பிறருடைய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிச் செல்வதும் ஆபத்து.

அடிமைப்பட்ட பிள்ளையை மஹல்லாவில் புறம்பேசி ஒதுக்குவது மருந்தாகாது. அவனும் நோயாளியே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவப் பிரிவு உண்டு. நமக்கு அண்மையில் முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. 14446 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். அந்தப் பையனின் வீட்டைத் தேடிச் செல்ல, நாமும் நண்பரும் முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கவும், மறுக்க வேண்டிய இடத்தில் இரக்கத்தோடு மறுக்கவும், வல்ல அல்லாஹ் நம் ஊர் மருந்தாளுநர்களுக்குத் தெளிவையும் துணிவையும் தருவானாக. வலியில் கிடப்போருக்கு ஆறுதலையும், வழி தவறிய பிள்ளைகளுக்கு மீட்சியையும் அருள்வானாக. ஆமீன்.