பெட்டியிலிருந்து நேராகப் பந்தயத்துக்கு: ஷார்ட் கோர்ஸ் டிரக்கின் கதை

ரேடியோ கண்ட்ரோல் கார் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எது ரொம்ப வேகமாப் போகும்?" என்பதுதான். ஆனால் ஷார்ட் கோர்ஸ் டிரக் என்ற வகையின் வரலாற்றைக் குறிப்பெடுத்துப் பார்த்தால், அதை வளர்த்தது வேகம் இல்லை. எல்லார் கையிலும் ஒரே வண்டி இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் பெயர். 'ஷார்ட் கோர்ஸ்' என்றால் குறுகிய ஓடுதளம். எதைவிடக் குறுகியது? மெக்சிகோவில் 1967-ல் தொடங்கிய பாஹா 1000 போன்ற பாலைவனப் பந்தயங்களைவிட. அங்கே வண்டிகள் நூற்றுக்கணக்கான மைல் ஓடும். ஓரமாக நிற்பவருக்கு ஒரு நொடி வண்டி தெரியும், மீதி நேரம் புழுதிதான். 1960-ல் பான்வில் உப்புத்தளத்தில் மணிக்கு 400 மைல் வேகத்தைத் தாண்டிய மிக்கி தாம்சன், 1979-ல் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்துக்குள்ளேயே மண்ணைக் கொட்டி, மேடு பள்ளம் போட்டு, பந்தயம் நடத்தினார். அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சினில், கிராண்டன் என்ற சிறு ஊரிலும் மண் பந்தயம் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. இந்த ஓடுதளங்களில் பெயர் பெற்றவைதான், பெரிய மட்கார்டும் பம்பரும் வைத்து, தாவிக் குதித்து, இடித்துக்கொண்டே ஓடும் பிக்கப் டிரக்குகள்.

இனி பொம்மை அளவுக்கு வருவோம். ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 மாடலை ரேடியோ கண்ட்ரோலில் கொண்டுவந்தது. 1984-ல் கலிஃபோர்னியாவின் டீம் அசோசியேட்டட், ஆர்சி10 என்ற பக்கியை விற்பனைக்கு விட்டது. இவை எல்லாம் 'கிட்'. திருகு, பேரிங், ஷாக் அப்சார்பர் என்று தனித்தனியாக வரும், நாமே கோர்க்க வேண்டும். பந்தயத்துக்குள் நுழைய அதுவே ஒரு வாசற்படி. டெக்சாஸில் 1986-ல் தொடங்கிய டிராக்சஸ், கோர்த்து முடித்த வண்டிகளை விற்றே வளர்ந்தது. இவற்றுக்கு 'ரெடி டு ரன்' என்று பெயர். பேட்டரியைப் போட்டால் ஓடும். பந்தயக்காரர்கள் பலருக்கு இது கொஞ்சம் இளக்காரம்: "அது தெருவுல ஓட்டுற வண்டிங்க."

அந்த இளக்காரத்தை உடைத்தது 2008-ல் டிராக்சஸ் வெளியிட்ட ஸ்லாஷ். பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர ஓட்டம், சாதாரண பிரஷ் மோட்டார். கியர்பாக்ஸ்கூடப் புதுசில்லை, அதே நிறுவனத்தின் பழைய வண்டிகளில் இருந்ததுதான். பொறியியல் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் நிறையப் பேர் வாங்கினார்கள், ஓடுதளத்துக்கும் கொண்டுவந்தார்கள். பத்துப் பேரிடம் ஒரே மோட்டார், ஒரே டயர் இருந்தால் ஜெயிப்பது யார்? நன்றாக ஓட்டுகிறவர்தான்.

வடிவமும் கைகொடுத்தது. பக்கியில் சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஒன்றின் சக்கரம் இன்னொன்றின் மேல் ஏறினால் வண்டி கவிழும். ஷார்ட் கோர்ஸ் டிரக்கில் சக்கரங்களைப் பாடி மூடியிருக்கிறது, முன்னும் பின்னும் பம்பர் இருக்கிறது. இடித்தாலும் பெரும்பாலும் இரண்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல வண்டி ஏது?

பிறகு நடந்தது பந்தய உலகின் வழக்கமான கதை. 2009-ல் டீம் அசோசியேட்டட் எஸ்சி10-ஐ இறக்கியது. மற்ற நிறுவனங்களும் வரிசையாக வந்தன. பிரஷ்லெஸ் மோட்டார், நான்கு சக்கர ஓட்டம், அலுமினிய உதிரிகள். அந்த உயரமான பாடி தாவும்போது பாராசூட் மாதிரி காற்றைப் பிடிக்கிறது என்று அதில் ஓட்டை வெட்டினார்கள். ஸ்லாஷ் வளைவில் கவிழ்கிறது என்று தாழ்ந்த சேஸிஸ் வந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான முன்னேற்றம்தான். மொத்தமாகப் பார்த்தால், பெட்டியிலிருந்து எடுத்த வண்டியோடு வந்தவர் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். பல கிளப்புகள் 'ஸ்பெக் ஸ்லாஷ்' என்று தனிப் பிரிவு வைத்ததற்குப் பொருள் இங்கேதான் இருக்கிறது: குறிப்பிட்ட மோட்டார், மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு. தொடக்கத்தில் தானாக அமைந்த சமநிலையைப் பின்னால் விதி போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆகவே வாங்குகிறவருக்கு இந்த வரலாறு சொல்வது இதுதான். கடைக்குப் போவதற்கு முன் ஓடுதளத்துக்குப் போங்கள். அங்கே எந்தப் பிரிவில் ஆள் அதிகம் என்று பாருங்கள், அந்தப் பிரிவின் விதிக்குள் அடங்கும் வண்டியை வாங்குங்கள். பக்கத்துக் கடையில் சஸ்பென்ஷன் ஆர்ம் கிடைக்குமா என்று கேளுங்கள், அது உடையத்தான் போகிறது. லிப்போ பேட்டரி போடுவதாக இருந்தால், ஸ்பீடு கண்ட்ரோலரில் குறைந்த வோல்டேஜில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். மோட்டாரை மாற்றும் ஆசை வந்தால் அந்தப் பணத்துக்கு முதலில் நம் மண்ணுக்கு ஏற்ற டயர் வாங்கலாம், விதி அனுமதித்தால்.

வேகமான வண்டி யாரிடமும் இருக்கலாம். தனியாக ஓடினால் அது பந்தயமில்லை. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு வண்டி வேண்டும்.