புள்ளிகளின் ஆழம் கண்ட கதை

ஐந்து பேரின் வருமானங்களை ஏறுவரிசையில் எழுதினால் நடுவில் நிற்பது இடைநிலை அளவு ஆகும். அவர்களுள் முதல் செல்வர் கோடீசுவரராகிவிட்டால் சராசரி எங்கோ உயர்ந்துவிடும், இடைநிலையோ அசையாது.

ஒவ்வொருவருக்கும் பல எண்கள் இருந்தால் நடுவை எவ்வாறு காண்பது? மூன்று மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவன் இயற்பியலில் மட்டும், அடுத்தவன் வேதியியலில் மட்டும், மூன்றாமவன் கணிதத்தில் மட்டும் 100 மதிப்பெண் பெறுகிறான்; மற்றப் பாடங்களில் 0. பாடவாரியாக இடைநிலை கண்டால் மூன்றிலும் 0 வருகிறது. ஒவ்வொருவனும் மொத்தம் 100 பெற்றிருக்க, ‘நடு மாணவன்’ ஒன்றுமே அறியாதவன் ஆகிறான்!

இச்சிக்கலைத் தீர்க்கும் கருத்து 1955இல் ஜோசப் ஹாட்ஜஸ் இரு பரிமாணங்களுக்கு வகுத்த ஒரு சோதனையில் முளைவிட்டது. 1974இல் வான்கூவரில் கூடிய உலகக் கணித மாநாட்டில் ஜான் டியூக்கி அதற்குத் தெளிவான உருவம் தந்தார். தாளில் சிதறிய புள்ளிகளுள் ஒன்றின் வழியே ஒரு கோடு வரைக. கோட்டின் மேலும் அதன் ஒரு பக்கத்திலும் உள்ள புள்ளிகளை எண்ணுக. கோட்டை எல்லாத் திசைகளிலும் சுழற்றி எண்ணும்போது கிடைக்கும் மிகச் சிறிய எண்ணே அப்புள்ளியின் ஆழம். கூட்டத்தின் ஓரத்தில் ஆழம் 1. உள்ளே செல்லச் செல்ல அது மிகும். மூன்று பரிமாணங்களில் கோட்டுக்குப் பதில் தளம் வைத்து எண்ணலாம். நம் பூச்சிய மாணவனின் ஆழம் அப்போது 0. அவன் கூட்டத்துக்கே வெளியே நிற்கிறான்.

சொல்ல எளிது, கணக்கிடுவதோ கடினம். பரிமாணங்கள் பெருகும்போது இது கணிப்பொறிகளுக்கும் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்பதை 1978இல் ஜான்சனும் பிரிபராட்டாவும் நிறுவினர். இரு பரிமாணங்களுக்கு மட்டும் கோணங்களை வரிசைப்படுத்தி விரைவாகத் தீர்க்கும் முறையை 1996இல் ரூசீவும் ருட்சும் வெளியிட்டனர். பத்துப் பரிமாணங்களில் 100 புள்ளிகள் இருந்தால், ஒன்பது ஒன்பதாகத் தேர்ந்து எல்லாத் தளங்களையும் சோதிக்க ஏறத்தாழ 1,90,000 கோடி வழிகள் உண்டு!

ஆகவே தோராயமே துணை. ஏதேனும் ஒரு திசையில் ஒளி பாய்ச்சிப் புள்ளிகளின் நிழல்களை ஒரே கோட்டின்மேல் விழச் செய்தால், எண்ணுவது எளிதாகிவிடும். சில திசைகளைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, கிடைத்தவற்றுள் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 2008இல் குவெஸ்டா-அல்பெர்ட்டோசும் நியேட்டோ-ரேயசும் இம்முறையை ஆராய்ந்து, பல பயன்பாடுகளுக்கு வியக்கத்தக்க அளவில் குறைந்த திசைகளே போதும் எனக் கண்டனர்.

இம்முறையின் பிழை ஒரு பக்கமாகவே சாயும் என்பதை மறத்தல் கூடாது. சில திசைகளில் தேடிய மீச்சிறு எண், எல்லாத் திசைகளிலும் தேடியதைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. ஆதலின் தோராய ஆழம் உண்மைக்குச் சமமாகவோ மிகையாகவோதான் வரும். நோயாளி ஒருவரின் இரத்த அளவுகள் தனித்தனியே இயல்பாயிருந்தும், ஒருசேரப் பார்க்கையில் விந்தையாய் இருக்கலாம். அதைக் காட்டும் திசை தேர்வில் விடுபட்டால், அவர் கூட்டத்தின் நடுவில் இருப்பவராகவே தோன்றுவார். ‘இது ஓரத்துப் புள்ளி’ என்று நிழல் சொன்னால் ஐயமின்றி ஏற்கலாம். ‘இது நடுப்புள்ளி’ என்று சொன்னால், இன்னும் சில திசைகளில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பதே அறிவுடைமை.