அம்மாவின் இடது தோள்

திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த எல்லைப் போராட்டக் கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பழைய மாவட்டத்தை நான் நினைப்பது மதனப்பள்ளிக்காக. எலும்புருக்கி என்ற காசநோய் கண்டவர்களுக்கு அங்கே சானடோரியம் இருந்தது. "மதனப்பள்ளிக்குப் போயிட்டாரு" என்பதைப் பாட்டி குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.

அங்கே பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் பிரிமோட் மோலர், நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சுற்றுக் கிராமங்களுக்கே போனார். 1950 முதல் சிலருக்குக் காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசி போட்டு, சிலருக்குப் போடாமல் விட்டு, இரு தரப்பையும் வருடக்கணக்கில் பார்த்து வந்தார். 1955-இல் ராஜாஜி அந்த ஊசியை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். இப்படிப்பட்ட வழக்கைப் பேசித் தீர்க்க முடியாது, எண்ணித்தான் தீர்க்க வேண்டும். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

1962-இல் வாலர், கேசர், ஆண்டர்சன் மூவரும் காசநோய்க்கு ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். வாலர் பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கிருமி தொற்றாதவர், தொற்றியும் நோய் வராதவர், நோயாளி என்று ஊரைப் பிரித்துக்கொண்டு, வருடத்துக்கு எத்தனை பேர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள் என்று கணக்கிடுவது அதன் அடிப்படை. பாடத்தில் அதைக் கரும்பலகையில் நான்கு வரியில் எழுதிவிடலாம். அந்த "எத்தனை பேர்" என்பதற்கு மட்டும் அதே வீட்டு வாசலில் திரும்பத் திரும்பப் போய் நிற்க வேண்டும்.

அப்படி நின்ற இடம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1968-இல் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து பி.சி.ஜி. சோதனையைத் தொடங்கின. அன்றைய மாவட்டத்தின் பெயரால் செங்கல்பட்டு சோதனை என்று உலகம் முழுக்கப் பெயர். ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 2,60,000 பேர். மூன்றில் ஒருவருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுக்க வந்தார்கள்.

அம்மாவின் தாய்வீடு அந்தப் பக்கம்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது. போன வாரம் அவள் இடது கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெரியம்மைக்குக் குத்திய இரண்டு வட்டத் தழும்புகள், ஓரம் சுருங்கி, நாலணாக் காசு அகலத்தில். பி.சி.ஜி.யின் சின்னத் தழும்பு எங்கும் இல்லை. மூன்றில் ஒன்று என்றிருந்த வாய்ப்பு என் மனதில் சட்டென்று ஏறியது.

"அப்போ எனக்குப் போட்டது வெறும் தண்ணியா?"

"இருக்கலாம்மா. மருந்து போட்டவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்லை."

1979-இல் வந்த முடிவு அதுதான். ஏழரை வருடத்தில் நுரையீரல் காசநோயிலிருந்து அந்த ஊசி காப்பாற்றவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் அங்கே பலரின் உடம்பை முன்பே பழக்கிவிட்டிருந்தன என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து காப்பதால் இன்றும் பி.சி.ஜி. போடுகிறோம். எதிர்பார்த்த விடை வராதபோது அதை மறைக்காமல் அச்சிட்டார்களே, அந்த நேர்மைக்காகவே ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் இந்தச் சோதனையைச் சொல்லித் தருகிறேன்.

1999 முதல் அதே திருவள்ளூர்ப் பகுதியில், மருந்தை நேரில் பார்த்து விழுங்கவைக்கும் டாட்ஸ் சிகிச்சையோடு மறுபடி கணக்கெடுத்தார்கள். சளியில் கிருமி வளர்ந்தவர்கள் லட்சத்துக்குச் சுமார் 600 பேர் என்றிருந்தது, சில வருடங்களில் ஏறக்குறைய பாதியானது. அடுத்த சுற்றில் கொஞ்சம் ஏறியது.

அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"எக்ஸ்ரே வண்டி வந்தப்ப எங்க தாத்தா களத்துல இருந்தாரு. வரமாட்டேன்னாரு. ரெண்டு பேரு வரப்பு மேலயே நடந்து போயி கூட்டிட்டு வந்தாங்க. அப்புறம் ஒரு நாள் டப்பாவோட வந்து அவர்கிட்ட சளி வாங்கிட்டுப் போனாங்க."